வீட்டுக் கணக்கில் நாய்க்கும் ஒரு வரி

2021 ஜூன் மாதக் கடைசியில் நம் நாட்டில் பல வீடுகளின் சன்னல்களில் வெள்ளைத் துணி தொங்கத் தொடங்கியது. ‘அரிசி தீர்ந்துவிட்டது, உதவுங்கள்’ என்று வாய்விட்டுக் கேட்கக் கூசியவர்களுக்காக அந்தத் துணி பேசியது. ஜூலையில் இன்னொரு கொடியும் வந்தது. அதன் நிறம் சிவப்பு. வீட்டில் வளரும் பிராணிகளுக்குத் தீனி வாங்க வழியில்லாதவர்கள் சிவப்புக் கொடியை ஏற்றலாம், உதவி வரும் என்று மலேசிய விலங்குகள் சங்கம் அறிவித்தது.

வெள்ளைக் கொடியைப் பெரும்பாலோர் கேள்வி கேட்கவில்லை. சிவப்புக் கொடிக்கு அதே மரியாதை எல்லா இடத்திலும் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். “மனுஷனுக்கே சோறு இல்லை, இதில் நாய்க்கு வேறயா?” என்ற பேச்சு நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பிள்ளையின் பால்மாவா, பூனையின் தீனியா என்று வந்தால் பால்மாதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் நிலைமை அவ்வளவு நேராக வந்து நிற்பதில்லை. பூனைத் தீனியா, யாரும் பார்க்காத ஆஸ்ட்ரோ கூடுதல் பேக்கேஜா என்றுதான் வருகிறது. உட்கார்ந்து எழுதிப் பார்க்காததால் அது நம் கண்ணில் படுவதில்லை.

ஜொகூர்காரர்களுக்குப் பணமுடை என்பது ஒரே இரவில் வரக்கூடிய ஒன்று. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி எல்லை மூடப்பட்டபோது, தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் குடும்பங்கள் ஆடிப்போயின. அந்தப் பக்கம் தங்கியவர்களுக்கு வேலை இருந்தது, வீடு இல்லை. இந்தப் பக்கம் திரும்பியவர்களுக்கு வீடு இருந்தது, வேலை இல்லை. ஆகஸ்ட் 17 முதல் ஒரு ஏற்பாடு வந்தது. அதன்படி குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து அங்கே வேலை செய்தவர்தான் விடுப்பில் வீட்டுக்கு வர முடியும். பாலம் பழையபடி திறக்க 2022 ஏப்ரல் 1 ஆகிவிட்டது. மாசாயிலும் ஸ்கூடாயிலும் நாயை நடத்திக் கூட்டிப்போவதும் குளிப்பாட்டுவதும் அப்பாவின் வேலையாக இருந்த வீடுகளில், அப்பாவும் இல்லை, அவர் அனுப்பும் பணமும் நிச்சயமில்லை என்ற மாதங்கள் அவை.

இன்று பாலம் திறந்திருக்கிறது. ஆனால் கோழிக்கு இருந்த விலைக் கட்டுப்பாடு 2023 நவம்பரில் போனது. முட்டைக்கான மானியம் 2025 ஆகஸ்டில் முற்றாக நின்றது. கடையில் தீனிப்பை எடுத்தால் பல பைகளில் ‘தாய்லாந்துத் தயாரிப்பு’ என்றிருக்கும். இறக்குமதிப் பொருளின் விலை நம் கையில் இல்லை. ஒருவருக்கு வேலை போனால், அல்லது ஓவர்டைம் நின்றால், முதலில் வெட்டப்படுவது வாய் பேசாத ஜீவனின் பங்குதான்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 1939 செப்டம்பரில் பிரிட்டன் போரில் இறங்கிய முதல் வாரத்தில், லண்டனில் மட்டும் ஏறக்குறைய 4 லட்சம் நாய்களையும் பூனைகளையும் அவற்றை வளர்த்தவர்களே மருத்துவர்களிடம் கொண்டுபோய்க் கருணைக்கொலை செய்யவைத்தார்கள் என்று வரலாற்றாய்வாளர் ஹில்டா கீன் எழுதியிருக்கிறார். அப்படிச் செய்யும்படி அரசாங்க உத்தரவு எதுவும் இல்லை. குண்டும் இன்னும் விழவில்லை. உணவுப் பங்கீடு தொடங்கியதே அடுத்த ஆண்டு ஜனவரியில்தான். இனி என்ன ஆகுமோ என்ற பயத்தில் எடுத்த முடிவு அது. தீனி உண்மையிலேயே தீர்ந்துபோய் எடுத்த முடிவல்ல. வேலை போன முதல் வாரத்தில் நாயை யாரிடமாவது தள்ளிவிட நினைக்கும் குடும்பங்களும் இதே பயத்தில்தான் இருக்கின்றன. முதல் வாரத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்.

ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். தாமானில் தரைவீடு, 10 கிலோ எடையுள்ள ஒரு நாய், தலா 4 கிலோ எடையில் இரண்டு பூனை. அந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 முதல் 650 கலோரி போதும். சாதாரண உலர்தீனியில் அது ஏறக்குறைய 180 கிராம். மாதத்துக்கு ஐந்தரைக் கிலோ. பூனை ஒன்றுக்கு நாளைக்கு 60 கிராம் என்றால் இரண்டுக்கும் சேர்த்து மாதம் 3.6 கிலோ. ஆக, இந்த வீட்டுக்கு வேண்டியது மாதம் 9 கிலோ தீனி. இதே வீட்டில் மாதம் 13, 14 கிலோ வாங்கிக்கொண்டிருப்பார்கள். காரணம், யாரும் அளப்பதில்லை. காலையில் அம்மா ஒரு கைப்பிடி, மாலையில் பிள்ளைகள் ஒரு கைப்பிடி, இரவில் தாத்தா பாவம் பார்த்து இன்னொரு கைப்பிடி. சமையலறைத் தராசில் ஒரே ஒரு முறை நிறுத்து, அந்த அளவுக்கு ஒரு பழைய குவளையில் கோடு போட்டுவிடுங்கள். கிலோ 12 வெள்ளி என்று வைத்தால்கூட நான்கு கிலோ மிச்சம் என்பது ஏறக்குறைய 50 வெள்ளி. நாயும் இளைக்கும், மூட்டுக்கும் நல்லது.

பெரிய பை கிலோவுக்கு மலிவுதான். ஆனால் நம் ஈரக்காற்றில் திறந்த பை ஆறு வாரத்துக்கு மேல் தாங்காது. அதிலுள்ள கொழுப்பு கெட்டு வாடை வரும். பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு பை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். உங்கள் பங்கைப் பையோடு சேர்த்தே மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

எங்கள் காலத்துத் தோட்டத்தில் நாய்க்கு யார் தீனி வாங்கினார்கள், மிச்சச் சோறும் குழம்பும்தானே என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். அந்த நாய்கள் எத்தனை வயது வரை இருந்தன என்று அவர்களிடமே கேளுங்கள். ஒன்று போனால் லயத்தில் இன்னொன்று வந்துவிடும். அதனால் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. குழம்பில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் அழிக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொக்கோ உள்ள எதுவும் ஆகாது, பிள்ளைகள் ஊட்டும் மைலோவும் அதில் சேர்த்தி. வேகவைத்த கோழி எலும்பு ஊசிபோல உடைந்து குடலைக் கிழிக்கும்.

அதற்காக வீட்டுச் சாப்பாடே கூடாது என்றில்லை. நாய்க்குப் பாதி தீனி, பாதி சமையல் என்பது நல்ல வழி. பசாரில் கோழிக்கூடு மலிவாகக் கிடைக்கும். அதை உப்பில்லாமல் அவித்து, எலும்பை முழுக்க நீக்கி, சதையை மட்டும் எடுங்கள். ஒரு காப்பிக் கோப்பைச் சோறு, 60, 70 கிராம் கோழிச் சதை, கொஞ்சம் பூசணி அல்லது கேரட். இது 90 கிராம் தீனிக்கு ஈடாகும். முழுக்க முழுக்க இதையே கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போதாமல் போகும், குட்டி நாயென்றால் எலும்பு வளையும். அதனால்தான் பாதி என்கிறேன்.

பூனையின் கதை வேறு. அது சுத்த அசைவம். டோரின் என்ற சத்து இறைச்சியிலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும். குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். சோறும் கெம்போங் மீனும் பிசைந்து வருடக்கணக்கில் போட்டு வளர்ப்பது மலிவுபோலத் தெரியும், ஆனால் அது பூனைக்கு முழு உணவல்ல. பூனைக்கு மலிவான, ஆனால் ‘முழுமையான உணவு’ என்று பையில் எழுதியிருக்கும் தீனியே போதும். கூடுதலாக ஏதாவது கொடுக்க ஆசை என்றால் அவித்த கோழி இதயம் கொடுங்கள். டோரின் அதிகம், விலை குறைவு. நாய்த் தீனியைப் பூனைக்குப் போட்டுச் சமாளிப்பது மட்டும் வேண்டாம்.

இனிதான் முக்கியமான விஷயம். பணம் இறுகும்போது குடும்பங்கள் எதை வெட்டுகின்றன? தீனியை வெட்டினால் பிராணி கத்தும், காலைச் சுற்றும். தடுப்பூசியை வெட்டினால் யாரும் கத்த மாட்டார்கள். உண்ணி மருந்தை இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் வீட்டில் ஒரு சத்தமும் வராது. அதனால் அதுதான் முதலில் போகிறது. கையைக் கடிப்பதும் அதுதான். ஒரு குடும்பம் தன் நாயைக் கைவிடும் நிலைக்கு வருவது பெரும்பாலும் மாதத் தீனியால் அல்ல. ஒரே நாளில் நீட்டப்படும் ஆயிரக்கணக்கான வெள்ளி மருத்துவமனைக் கட்டணத்தால்தான். அந்தக் கட்டணங்களில் பாதிக்கு மேல் தடுத்திருக்கக்கூடியவை என்பது என் கருத்து.

பார்வோ வைரஸ் வந்த குட்டிக்குப் பல நாள் மருத்துவமனையில் மருந்துநீர் ஏற்ற வேண்டும், அப்படியும் பிழைப்பது நிச்சயமில்லை. தடுப்பூசி அந்தச் செலவில் ஒரு சின்னத் துண்டு. உண்ணிக்கு நம் நாட்டில் பருவம் என்று ஒன்று கிடையாது, வருடம் முழுக்க வெயிலும் மழையும்தான். ஒரு பெண் உண்ணி சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலில் நாயின் இரத்தத் தட்டணுக்கள் சரியும், மூக்கில் இரத்தம் வரும். பிறகு இரத்தப் பரிசோதனை, வாரக்கணக்கில் மாத்திரை. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயதான பிறகு கருப்பையில் சீழ் பிடிக்கும். அது அவசர அறுவை சிகிச்சை. ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், ஓரிரு நாளில் உயிரே போகும். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். தினமும் தீனியில் நாலு கரண்டி தண்ணீர் ஊற்றுவதற்குக் காசு எதுவும் வேண்டாம்.

தடுப்பூசியிலும் நியாயமாக மிச்சம் பிடிக்க இடமிருக்கிறது. குட்டிப் பருவத்து ஊசிகளை முறையாக முடித்து, அடுத்த ஆண்டு ஊக்க ஊசியும் போட்ட பெரிய நாய்க்கு, பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற அடிப்படை ஊசிகளை ஆண்டுதோறும் போட வேண்டியதில்லை, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போதும் என்பது உலகச் சிறுபிராணி கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி. உங்கள் மருத்துவரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள். ஆனால் எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோவுக்கான ஊசி ஓராண்டுக்குத்தான் தாங்கும். 2023 மார்ச்சில் யோங் பெங்கும் சிகாமட்டும் வெள்ளத்தில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் ஏறும் பகுதியில் இருப்பவர்கள் அதை விடக்கூடாது. அந்த நோய் மனிதருக்கும் தொற்றும்.

எங்கே போடுவது? கால்நடை சேவை இலாகாவின் அரசாங்கக் கால்நடை மருந்தகங்கள் மாநிலந்தோறும் உண்டு. தடுப்பூசிக்கும் சாதாரண நோய்க்கும் தனியார் மருந்தகத்தைவிடக் குறைவாகவே வாங்குவார்கள். ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை. போகுமுன் தொலைபேசியில் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் எல்லாச் சேவையும் எல்லா நாளும் இருக்காது. தனியார் மருத்துவரிடம் போனால், பரிசோதனை தொடங்குவதற்கு முன்பே “டாக்டர், இந்த மாதம் என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. அதற்குள் எது அவசியம்?” என்று சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் செய்துவிட்டுக் கட்டண முகப்பில் நின்று தவிப்பதைவிட இது மேல். பல மருத்துவர்கள் இரண்டு வழி சொல்வார்கள், சிலர் தவணைக்கும் ஒத்துக்கொள்வார்கள்.

மருத்துவச் செலவை மிச்சம் பிடிக்க நம் மருந்து டப்பாவைத் திறப்பது மட்டும் கூடவே கூடாது. ஒரே ஒரு பெனடோல் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாயின் முதுகில் விடும் சில உண்ணிச் சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும், அதைப் பூனைக்கு விட்டால் வலிப்பு வரும். ‘மீதி இருக்கே’ என்று பகிர்ந்து கொடுக்கும் பொருளல்ல அது.

சரி, இதற்கெல்லாம் மாதம் ஒரு 100 வெள்ளி எங்கிருந்து வரும்? அளந்து போட்டதில் 50 வந்துவிட்டது. மீதிக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஒரு குதிரைச்சக்தி ஏர்கோனை இரவில் இரண்டு மணி நேரம் முன்னதாக நிறுத்தினால் மாதம் ஏறக்குறைய 45 யூனிட் குறையும், உங்கள் மின்கட்டண ரசீதில் உள்ள விலையோடு பெருக்கிப் பாருங்கள். மாமாக் கடைக்குக் குடும்பமாகப் போவதில் மாதம் ஒரு தடவையைக் குறைக்கலாம். நாயைக் கடையில் குளிப்பாட்டி முடி வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளிடம் குழாயையும் நாய்ச் சோப்பையும் கொடுங்கள். சட்டை, பிறந்தநாள் கேக், விளையாட்டுப் பொம்மை எல்லாம் நம் ஆசைக்கு வாங்குவது, நாய் கேட்டதில்லை. இந்த மிச்சத்தில் 20, 30 வெள்ளியைப் பிராணியின் பெயரிலேயே தனி உண்டியலில் போடுங்கள். ஊழியர் சேமநிதியில் 2024 மே முதல் வந்துள்ள அகாவுன் ஃபிளெக்ஸிபெல்லில் 50 வெள்ளி முதல் எடுக்கலாம்தான், ஆனால் அது கடைசிக் கதவாக இருக்கட்டும்.

நாய் உரிமக் கட்டணத்தையும் வெட்டாதீர்கள். கழுத்துப்பட்டையில் உரிமம் இல்லாத நாய் வேலி தாண்டி, மாநகர் மன்றத்து ஆட்களிடம் சிக்கினால் பிறகு பேச நமக்கு இடமில்லை. பல இனத்தவர் கலந்து வாழும் தாமானில் உரிமம் அண்டை வீட்டாரோடு சச்சரவையும் குறைக்கும். கருத்தடை இன்னும் ஆகவில்லை என்றால், எல்லாச் செலவுக்கும் முன்னால் அதை வையுங்கள். பெண் பூனை இரண்டு மாதத்தில் குட்டி போட்டுவிடும், வருடத்தில் இரண்டு மூன்று ஈற்று. இரண்டு பூனைக்குப் போட்ட கணக்கு எட்டுப் பூனைக்குச் செல்லாது.

இத்தனையும் செய்த பிறகும் முடியவில்லை என்ற வீடுகள் இருக்கும். வாடகை வீடு மாறுகிறது, புது அடுக்குமாடியில் நாய் வைக்க விடமாட்டார்கள். அப்போது பசார் பக்கத்திலோ செம்பனைத் தோட்டத்து ஓரத்திலோ இறக்கிவிட்டு வருவது தீர்வல்ல. வீட்டில் வளர்ந்த நாய் அங்கே வேட்டையாடிப் பிழைக்காது. போன வண்டி வரும் என்று விட்ட இடத்திலேயே நிற்கும், லோரியில் அடிபடும். விலங்கு நலச் சட்டம் 2015 வளர்ப்பவருக்கு உணவு, தண்ணீர், பராமரிப்பு கொடுக்கும் கடமையை விதிக்கிறது. பிராணிக்குக் கொடுமை இழைத்தால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் சொந்தத்தில் கேளுங்கள். கூலாயில் பெரியம்மா வீட்டில் இடமிருக்கலாம், குளுவாங்கில் மாமா வீட்டு முற்றம் பெரிதாக இருக்கலாம். “வைத்துக்கொள்ளுங்கள்” என்று கேட்டால் யோசிப்பவர்கள்கூட, “ஆறு மாதம் மட்டும், தீனிக்கு நான் அனுப்புகிறேன்” என்றால் சம்மதிப்பார்கள். கொடுக்கும்போது தடுப்பூசி அட்டை, இப்போது சாப்பிடும் தீனியில் இரண்டு வாரத்துக்கானது, அது படுத்த துணி, என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதிய தாள், இவ்வளவும் கூடவே போகட்டும். துணியைத் துவைக்காமல் கொடுங்கள், பழைய வாசனை இருந்தால் புது இடத்தில் சீக்கிரம் தூங்கும். பூனையென்றால் முதல் இரண்டு வாரம் ஒரே அறையில் சன்னலைச் சாத்தி வைக்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்துவிட்டால் அது பழைய வீட்டைத் தேடி நடக்கத் தொடங்கிவிடும்.